பின்னம் படித்த சாமந்தி மாலை

ரேணுகா டீச்சருக்குக் கோபம் வந்தால் அது பின்னமாகத்தான் வரும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, எடம் கீது" என்று கத்தினால், "நீ சொல்றதுல எட்டுல ஒரு பங்குகூட உண்மை இல்லப்பா" என்பார். வீட்டில் கணவர் வெங்கடேசன், "பாத்திரம் பூரா தேய்ச்சிட்டேன்" என்று பெருமையாக வந்து நின்றால், தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சுல மூணு" என்பார். அதற்கு மேல் திட்டத் தெரியாது. ஆனால் வாங்கிக்கொண்டவருக்கு அது நாள் முழுக்க உறுத்தும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேசரியைத் தட்டில் பரப்பி, வந்திருந்த தலைகளை எண்ணி, கத்தியால் சம பங்காக வில்லை போட்டுக் கொடுத்தவர் அவர். அதைப் பார்த்து மயங்கித்தான் சம்மதம் சொன்னதாக வெங்கடேசன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரியும்.

டீச்சர் தினமும் காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறுவார். திருக்கழுக்குன்றத்தில் கோயில் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து புதுப்பட்டினம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் இறங்குவார். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அவர்தான் கணக்கு டீச்சர். ஊர்ப் பெயரை இங்கே எழுதினால் தலைமையாசிரியை ஞானம்பாள் மனம் வருந்துவார். நடந்த கதை அப்படி.

இந்த வருஷம் பள்ளி திறந்ததும் அங்கே ஒரு ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியது. சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் முக்கோணம் விரியும், கோணம் திரும்பும், எண்கோடு நீளும். பிள்ளைகள் தங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று தட்டிவிட்டால் அதுவே பட்டை வரைபடம் போட்டுக் காட்டும். ஞானம்பாள் அந்த அறைக்குள் செருப்புப் போட்டு வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். திரைக்கு ஒரு மஞ்சள் துணியால் உறை தைத்தார். தினமும் காலையில் உறையை எடுக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்தது பாடம் நடத்தும் கருவியா, பாலாலயம் செய்து கொண்டுவந்த சாமியா என்று யாருக்கும் சந்தேகம் வந்தால் அது அவர்கள் தப்பில்லை.

பின்னப் பாடத்துக்கு அந்தப் போர்டு வைத்திருந்தது பீட்சா. வட்டமாக ஒன்று வரும், அதை எட்டாக வெட்டி, மூன்று துண்டுக்குச் சாயம் பூச வேண்டும்.

"டீச்சர், இது இன்னா, ஊத்தப்பமா?" என்று கேட்டது ஆறாம் வகுப்பு.

"ஊத்தப்பம்னே வச்சுக்கோ."

"ஊத்தப்பத்த எவன் டீச்சர் எட்டா வெட்டுவான்? பிச்சித்தான துன்னுவாங்க?"

ரேணுகா டீச்சர் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனார். ஆனாலும் பிள்ளைகளுக்குப் போர்டு பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனிப் பெயர், தனிப் பக்கம். கேள்வி ஒன்று வரும், கீழே நாலு விடைகள் வரும். சரியான விடையைத் தொட்டால் ஒரு பெண் குரல், "மிக நன்று!" என்று பெயர் சொல்லி வாழ்த்தி, ஒரு நட்சத்திரத்தை அவர்கள் பக்கத்தில் ஒட்டும். தப்பான விடையைத் தொட்டால், "பரவாயில்லை, அடுத்தது பார்ப்போம்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடும். தப்பை அது எங்கேயும் எழுதி வைக்காது. பிள்ளைகள் மனசு நோகக்கூடாதாம். நட்சத்திரக் கணக்கு மட்டும் தினமும் மாவட்ட அலுவலகத்துக்குத் தானாகவே போய்விடும். வராத பிள்ளைகளின் பக்கம் அங்கே சிவப்பாகத் தெரியும். சிவப்பு நீடித்தால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடு என்று ஓலை வரும்.

இங்கேதான் டீச்சருக்குச் சிக்கல். எட்டாம் வகுப்பில் பூங்கொடி என்று ஒரு பெண். பள்ளி திறந்ததிலிருந்து வரவில்லை. போன வருஷம் மற்ற பாடத்திலெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள், கணக்கு வகுப்பில் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்குக்குப் பதினேழு மார்க். நூற்றுக்குத்தான். அப்பா திருவேங்கடம் அதைப் பார்த்துவிட்டு, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் சிப்பிக் கடை வைத்திருக்கும் தன் அக்கா சம்பூர்ணத்திடம் பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டார். சங்கும் சிப்பிக் கண்ணாடியும் விற்றுக்கொண்டு அவள் அங்கே இருந்தாள்.

திருவேங்கடம் கெட்ட மனிதர் இல்லை. விவசாயக் குடும்பம். நிலம் கைமாறிய பிறகு வேன் வாங்கி, புதுப்பட்டினத்திலிருந்து சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிறார். டீச்சர் அவர் வீட்டுப் படியேறி ஏறி அலுத்துப்போனார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"இன்னா டீச்சர் நீ, சும்மா சும்மா வந்துகினு. அவளுக்கு மண்டையில ஏறல. ஏறாததப் போட்டுத் திணிச்சா கொழந்த பேஜாராவுது. கடையில குந்திகினு சந்தோஷமா கீறா. வுட்ரு."

"பத்தாவதாவது முடிக்கட்டுமே?"

"எதுக்கு? அங்கயும் பதினேழு வாங்கவா?"

பெயர் போனால் பெண்ணும் போன மாதிரிதான். அப்புறம் அவளைத் திரும்ப இழுத்து வருவது நடக்காத காரியம் என்று டீச்சருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் பொய் சொல்லாத பெண். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும், அவள் மட்டும், "இல்ல டீச்சர்" என்பாள். அந்த ஒரு 'இல்ல டீச்சர்' கேட்காமல் டீச்சருக்கு வகுப்பே நிறையவில்லை.

அதனால் அவர் ஒரு திருட்டு வேலை செய்தார். தினமும் சாயங்காலம் பிள்ளைகள் போனதும் போர்டில் பூங்கொடியின் பக்கத்தைத் திறந்து, அவள் பெயரில் தானே நாலைந்து பின்னக் கணக்குப் போடுவார். "மிக நன்று, பூங்கொடி!" என்று போர்டு வாழ்த்தும். பக்கம் பச்சையாகிவிடும். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மூடுவார். கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவர் ஆறாம் வகுப்பு ஊத்தப்பத்துக்குச் சாயம் பூசித் திருட்டு நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வேலை நாள். காலாண்டு விடுமுறை அன்று சாயங்காலம் தொடங்குகிறது. அதனால் பள்ளியிலேயே பூஜையை முன்கூட்டி வைத்துக்கொண்டார்கள். அன்று பிள்ளைகள் வெளியே இருக்கும்போதே டீச்சர் பூங்கொடியின் பக்கத்தைத் திறந்து முதல் கணக்கை முடித்த நேரம் பார்த்து, ஞானம்பாள் சந்தனக் கிண்ணமும் பூக்கூடையுமாக அறைக்குள் நுழைந்தார். கூடவே வாத்தியார்கள், பிள்ளைகள், சுண்டல் அண்டா. உலக உருண்டைக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, மின்விசிறி சுவிட்சுக்கும் பொட்டு வைத்தார். கடைசியாக ஒரு பெரிய சாமந்தி மாலையைப் போர்டின் மேல் விளிம்பில் மாட்டினார். மாலையின் நுனி, திரையில் விடைகள் வரும் இடம் வரை இறங்கித் தொங்கியது.

கற்பூரம் காட்டி முடிந்ததும் டீச்சர் போர்டை அணைக்கக் கையை நீட்டினார்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று அலறினார் ஞானம்பாள். "பூஜையில வச்சத விஜயதசமிக்குப் புனர்பூஜை பண்ற வரைக்கும் தொடக்கூடாது. உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

"மேடம், ஆன்ல இருக்கு. ஆஃப் மட்டும் பண்ணிடறேன்."

"ஆஃப் பண்றதுன்னா தொடறதுதானே?"

"சரி, ஃபேனாவது?"

"சுவிட்சுக்குப் பொட்டு வச்சாச்சு."

வாதம் செய்ய இதில் இடமே இல்லை. மின்விசிறி சுற்ற, போர்டு ஒளிர, பூங்கொடியின் பக்கம் திறந்தபடி இருக்க, அறையைப் பூட்டினார்கள். விஜயதசமியன்று வந்து புனர்பூஜை செய்கிறேன் என்று சொன்ன ஞானம்பாள், கும்பகோணத்தில் தங்கை வீட்டுக் கொலுவுக்குப் போனவர், அங்கேயே கால் சுளுக்கிப் படுத்துவிட்டார். சாவி அவர் கைப்பையில்.

அந்தப் போர்டுக்கு விரல்தான் வேண்டும் என்பதில்லை. கண்ணாடி மேல் எது பட்டாலும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக் காற்றில் மாலை ஆடியது. நுனி ஒரு விடையைத் தொட்டது. அடுத்த கேள்வி வந்தது. மாலை மறுபடியும் ஆடியது. மாசத்தில் பாதி நாள் மின்சாரம் மூக்கால் அழும் ஊரில், அந்த விடுமுறை முழுக்க ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகவில்லை. எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் திவ்யா, பூட்டிய பள்ளிக்குள்ளிருந்து ராப்பகலாக, "மிக நன்று, பூங்கொடி!" என்று குரல் வருவதைக் கேட்டு, கடை வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள்.

விடுமுறை முடிந்த காலை ஞானம்பாள் நொண்டிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தபோது, பூ காய்ந்து சருகான மாலை அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ரேணுகா டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். திரையின் மூலையில் நட்சத்திரக் கணக்கு இருந்தது. அந்த எண்ணைப் படிக்க அவர் இரண்டு தடவை கமா போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் தலைமையாசிரியை அறையில் போன் அடித்தது. மாவட்டத்திலிருந்து. மறுமுனையில் பேசியவர் ரவிச்சந்திரன் என்ற அதிகாரி. குரலில் பூரிப்பு.

"மேடம், உங்க ஸ்கூல் பூங்கொடி பின்னத்துல மாவட்டத்துலயே முதலிடம். ரெண்டாவது வந்த பிள்ளை பக்கத்துலகூட இல்ல. லீவ்லகூட விடாம போட்டிருக்கா! மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. நானே நேர்ல வந்து பாராட்டப் போறேன்."

போனை வைத்த ஞானம்பாளிடம் டீச்சர் விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார், தன் திருட்டு நட்சத்திரம் உள்பட. தலைமையாசிரியை போர்டு அறை இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூஜையில போட்ட மாலை. அது சரஸ்வதி போட்ட கணக்கு. நாம யாரு அதை இல்லன்னு சொல்ல?"

"மேடம், நீங்க சொல்றதுல நூத்துல ஒரு பங்குகூட..." என்று ஆரம்பித்த டீச்சருக்கு மேலே பேச வாய்க்கவில்லை. ஏனென்றால் பள்ளி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

சேதி போனுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. மாவட்டப் பட்டியல் எந்தெந்த வாட்ஸாப் குழுவிலோ சுற்றி, திருவேங்கடத்தின் வேனில் தினமும் சிறுசேரி போகும் விஷால் என்ற கம்ப்யூட்டர் பையன் கையில் கிடைத்து, அவன் அதை ஓடும் வேனிலேயே உரக்கப் படித்திருக்கிறான். வேனே கைதட்டியிருக்கிறது. திருவேங்கடம் ஆட்களை இறக்கிவிட்ட கையோடு மாமல்லபுரம் போய், கடையில் உட்கார்ந்திருந்த பெண்ணை உட்கார்ந்தபடியே அள்ளி வந்துவிட்டார். பூங்கொடியின் கையில் இன்னும் ஒரு சங்கு இருந்தது. எவனோ வெள்ளைக்காரனுக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாளாம்.

"டீச்சர்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் திருவேங்கடம். கண் கலங்கியிருந்தது. "என் பொண்ணப் போயி மண்டையில ஏறலன்னு சொல்லிகினு இருந்தனே. கடையில குந்திகினே செல்லுல போட்டுகினு இருந்துக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு!"

"நைனா, நான் ஒண்ணியும் பண்ணல," என்றாள் பூங்கொடி எரிச்சலாக. "எத்தினி வாட்டி சொல்றது?"

"பாத்தியா டீச்சர், இன்னா அடக்கம்!"

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த வேன் வந்த வழியே மாமல்லபுரத்துக்குத் திரும்பும். சொல்லாவிட்டால், அதிகாரி வரும் நாளில் இந்தப் பெண் மேடையில் நிற்கும். இரண்டில் எது பெரிய பாவம் என்று பார்க்க எந்தப் பொதுப் பகுதியும் அவருக்குக் கிடைக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாளும் அப்படியே விட்டார்.

ஆனால் பூங்கொடியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். போர்டு அறைக்குக் கூட்டிப்போய் மாலையைக் காட்டினார்.

பூங்கொடி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், மாலை எப்படித் தொடுகிறது என்று உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், எல்லாத்தையும் கரெக்டாவா போடுது?"

"எங்க? கண்ணை மூடிக்கிட்டுத் தொடுது. நீயே எண்ணிப் பாரேன்."

அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சரிக்கு ஒரு பக்கம், தப்புக்கு ஒரு பக்கம். நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டுவதை டீச்சர் காட்டிக்கொடுத்தார். மதிய உணவு மணி அடிக்கும்வரை தரை முழுக்கக் கோடுகள் நிறைந்துவிட்டன. தப்புப் பக்கம்தான் நீளம். ஒரு சரிக்கு ஏறக்குறைய மூன்று தப்பு.

"நாலு விடையில ஒண்ணுதான சரி? அதான் நாலுல ஒரு பங்கு சரியா வருது," என்றார் டீச்சர். "நூறு கேள்வின்னா சுமாரா இருபத்தஞ்சு."

பூங்கொடியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நூத்துக்கு இருபத்தஞ்சா?"

"ஆமா."

"நான் பதினேழு வாங்கினன் டீச்சர்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாலை ஒரு விடையைத் தொட்டது. "மிக நன்று, பூங்கொடி!" என்றது போர்டு.

"செத்த பூவு," என்றாள் பூங்கொடி. "இத்துப்போன மாலை. அது இருபத்தஞ்சு. நான் பதினேழு."

அவள் விசும்பி அழப்போகிறாள் என்று டீச்சர் பக்கத்தில் போனார். அவளோ எட்டி மாலையை இழுத்துக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். மாமல்லபுரத்தில் பேரம் பேச வருபவர்களிடம் நிற்பது அப்படித்தான் போலிருக்கிறது.

அன்றையிலிருந்து அவள் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. தினமும் காலையில் மாலையின் பங்கு என்று இரண்டு கோடு தரையில் போடுவாள், எட்டுக்கு இரண்டு. பிறகு தான் எட்டுக் கணக்குப் போடுவாள். பெரும்பாலும் தோற்றாள். ஒரு நாள் எட்டுக்கு ஒன்று. ஒரு நாள் ஒன்றுமே இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. "ஏன் டீச்சர் பகுதிய ஒண்ணாக்கணும்? பிச்சித் துன்னா இன்னா?" என்று சண்டை போட்டாள். இரண்டு நாள் மாலையோடு சமமாக வந்தாள். சமமாக வந்ததற்கு ஒரு பெண் அவ்வளவு ஆத்திரப்பட்டு டீச்சர் பார்த்ததில்லை. வீட்டில் அப்பாவிடம் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் பார்த்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் நெகிழ்ந்துபோய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அதிகாரி வரும் நாள் வந்தது. போர்டு அறையிலேயே விழா. வாசலில் கோலம், ஓரமாக வேனில் வந்த சிறுசேரி ஆட்கள், நடுவில் சலவை வேட்டியில் திருவேங்கடம். மாமல்லபுரத்திலிருந்து அக்கா சம்பூர்ணம் வரவில்லை. கடையில் ஆள் இல்லை, விழா முடிந்ததும் பெண்ணை அனுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தார். டீச்சர் அதைக் கேட்டதிலிருந்து சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இன்றைக்கு இந்தப் பெண் மேடையில் தடுமாறினால், சாயங்காலம் அவள் சிப்பிக் கடையில்தான்.

வேகமாக அறைக்குள் போன டீச்சர் அதிர்ந்து நின்றார். போர்டின் மேல் புதுச் சாமந்தி மாலை. பழையதைவிட நீளம். பூங்கொடியின் பக்கம் தயாராகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது.

"மேடம், என்ன இது?"

"அன்னைக்கு வேலை செஞ்ச மாலை மாதிரியே திருக்கழுக்குன்றத்துல சொல்லிக் கட்டி வாங்கினேன்," என்றார் ஞானம்பாள் ரகசியமாக. "அவ கைவிட மாட்டா."

கழற்ற நேரம் இல்லை. ரவிச்சந்திரன் உள்ளே வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கைக்குட்டையால் விசிறிக்கொள்ள, ஞானம்பாள் பதறிப்போய் மின்விசிறியைப் போட்டார்.

பூங்கொடி போர்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இந்தச் சாதனைக்கு உன் ரகசியம் என்னம்மா?"

"நான் போடல சார். மாலை போட்டுது."

கூட்டம் ரசித்துச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "இந்தத் தன்னடக்கம்தான்..." என்று அவர் தொடங்கும்போது மாலை ஆடியது.

"பரவாயில்லை, அடுத்தது பார்ப்போம்," என்றது போர்டு.

எல்லோரும் திரும்பினார்கள். போர்டுக்கு அருகில் யாரும் கையை நீட்டவில்லை. மாலை மறுபடி ஆடியது. "பரவாயில்லை, அடுத்தது பார்ப்போம்." இன்னொரு ஆட்டம். "மிக நன்று, பூங்கொடி!" நட்சத்திரம் பறந்து வந்து ஒட்டிக்கொண்டது. மைக் அதிகாரியின் வாய்க்கு நேராக அப்படியே நின்றது. ஞானம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், இது ராண்டம் டச்," என்று பின்னாலிருந்து விளக்கினான் விஷால். அவனை யாரும் விளக்கச் சொல்லவில்லை.

பூங்கொடி மட்டும் பதறவில்லை. விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது கேள்வி முடிந்ததும் போய் மின்விசிறியை அணைத்தாள். மாலையைக் கழற்றி ஞானம்பாள் மேடத்தின் கையில் கொடுத்தாள்.

"எட்டுல ரெண்டு," என்றாள். "சார், எனக்கும் எட்டு குடுங்க."

அதிகாரி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். மேலிடத்துக்குச் சொன்ன வார்த்தை அவர் தொண்டையில் நின்றது. "போடும்மா, போடு. உன் திறமையைக் காட்டு," என்றார், கெஞ்சும் குரலில்.

முதல் கேள்வி தப்பு. இரண்டாவது தப்பு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வந்தது, பூங்கொடி திரையின் ஓரத்தில் விரலால் ஏதோ கிறுக்கிப் பார்த்துவிட்டுத் தொட்டாள். "மிக நன்று!" நாலாவது தப்பு. ஐந்தாவது சரி. ஆறு தப்பு, ஏழு தப்பு. எட்டாவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டாள்.

"மிக நன்று, பூங்கொடி!"

"மூணு!" என்று கத்திவிட்டாள். "டீச்சர், மூணு! எட்டுல மூணு!"

யாரும் கைதட்டவில்லை. மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பெண் எட்டுக்கு ஐந்து தப்பு. ரவிச்சந்திரன் மெல்ல எழுந்து, போர்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மூணு போதாதேம்மா," என்றார் பரிதாபமாக. "இது பாஸ்மார்க்குக்கே இழுபறி."

"பாஸ் இல்ல சார், மாலை! மாலை எட்டுல ரெண்டு, அது நாலுல ஒண்ணு. நான் எட்டுல மூணு. நான் அதவிட எட்டுல ஒரு பங்கு ஜாஸ்தி!"

டீச்சர் காதில் அது கணக்காகவே விழுந்தது. எட்டில் மூன்றிலிருந்து நாலில் ஒன்றைக் கழித்தால் எட்டில் ஒன்று. பகுதி வேறு வேறாக இருக்கும் பின்னக் கழித்தல். போன வருஷம் முழுக்க, எத்தனை விதமாகச் சொல்லிக் கொடுத்தும் அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கணக்கு. இப்போது அதிகாரியோடு சண்டை போடும் வேகத்தில் வாயாலேயே போட்டுவிட்டாள். போட்டது அவளுக்கே தெரியவில்லை. டீச்சருக்குச் சந்தோஷம்தான், அதோடு பயமும் இருந்தது. ஏனென்றால் திருவேங்கடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டிருந்தார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெண் இத்தனை நாள் சொன்னது அடக்கம் இல்லை, நிஜம் என்று புரிந்துவிட்டது. நேராக டீச்சரிடம் வந்தார்.

"மொத்தமும் மாலதானா டீச்சர்?"

"ஆமாங்க. நான்தான் சொல்லாம விட்டேன். தப்பு என்னோடது."

"இந்த மூணு?"

"அது அவளோடது. மூணும் அவளோடது."

திருவேங்கடம் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுத்த கேள்வியைத் திறந்திருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"அக்கா, நான்தான். கடைக்கு வேற ஆள் பாத்துக்க. இல்ல, வரமாட்டா. அவளுக்கு இங்க வேல கீது."

ரேணுகா டீச்சர் அழுதார். முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும், கூச்சமில்லாமல் அழுதார். ஞானம்பாள் கையில் மாலையை வைத்துக்கொண்டு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார். ரவிச்சந்திரன் மேலிடத்துக்கு என்ன சொல்வது என்ற யோசனையில், போர்டின் முன்னாலிருந்து நகர மறந்துபோயிருந்தார்.

பூங்கொடி அவர் முழங்கையைத் தட்டினாள்.

"சார், கொஞ்சம் நவுருங்க. கணக்கு மறைக்குது."